ரெய்னோ அத்தான் ஃபர்னஸ் ரிப்பேர் பார்த்த கதை

என் அக்கா எல்மாவோட புருஷன் ரெய்னோ ஹாபலா வாயில முதல்ல வர்ற வார்த்தை "வேண்டாம்". காபி குடிக்கிறீங்களா? வேண்டாம். ஏரிப் பனி உடைஞ்சு தண்ணிக்குள்ள போறீங்களே, கை கொடுக்கட்டுமா? வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்.

கொழுப்புன்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவோட வடக்கு ஓரத்துல, பனி கொட்டுற துலூத் ஊர்ல பிறந்த எங்க எல்லாருக்கும் தாய்ப்பாலோட ஊட்டின பழக்கம் இது. யார் எதைக் கொடுத்தாலும் ரெண்டு தடவை மறுக்கணும். மூணாவது தடவையும் கேட்டாங்கன்னா, "சரி, உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா..."ன்னு இழுத்துக்கிட்டே வாங்கிக்கணும். எடுத்த எடுப்புல "கொடுங்க"ன்னு சொல்றவனை, ஜெயில்ல இருந்து வந்தவனைப் பார்க்கிற மாதிரி பார்ப்போம். எனக்கும் இந்த வியாதி உண்டு. ஆனா அத்தானுக்கு முத்திப்போச்சு.

போன ஜனவரியில அக்கா வாசப்படிப் பனியில வழுக்கி விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டா. ஆபரேஷன் ஆச்சு. "வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம். ஆனா வீடு கதகதப்பா இருக்கணும். இல்லேன்னா மலைமேல இருக்கிற முதியோர் இல்லத்துல ரெண்டு மாசம் இருக்கட்டும்"னு டாக்டர் சொல்லிட்டார். அந்த இல்லத்துப் பேரைக் கேட்டாலே அக்காவுக்கு முகம் வெளுத்துடும். எங்க அத்தை ஒருத்தி கொஞ்ச நாளைக்குன்னு அங்க போனவ, திரும்பி வரவே இல்லை.

திங்கட்கிழமை சூப் பானையோட அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தா, காதுமூடித் தொப்பி, மீன் பிடிக்கப் போற கோட்டு, கையுறை சகிதமா அத்தான் அடுப்படியில உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். ஜன்னலுக்கு உள்பக்கம் பனி பூத்திருக்கு.

"என்ன அத்தான் இது?"

"கொஞ்சம் குளுமைதான் லெம்பி. மோசமில்லை."

"மோசமில்லையா? பேசினா வாயில இருந்து புகை வருது!"

"ஃபர்னஸ் கொஞ்சம் ஓய்வு எடுக்குது. கீழ சௌனாவுல விறகு போட்டுக் கதவைத் திறந்து விட்டிருக்கேன். தண்ணிக் குழாய் உறையாது."

நிலவறைக்கு இறங்கினேன். வியர்வைக் குளியலுக்கு இருக்கிற சௌனா அறையில விறகு திகுதிகுன்னு எரியுது. பக்கத்துல, வீடு முழுக்கச் சூடு அனுப்ப வேண்டிய ஃபர்னஸ் செத்த மாடு மாதிரி நிக்குது. சுவிட்சைப் போட்டா சொடக்குன்னு சத்தம் போடுது, பத்துது, கொஞ்ச நேரத்துல அணையுது. திரும்பப் பத்துது, அணையுது. மூணாவது தடவையும் அணைஞ்சதும் வாயை மூடிக்கிச்சு. பாருங்க, எங்க ஊர்ல ஃபர்னஸ்கூட மூணு தடவை கேட்டுட்டுத்தான் கோவிச்சுக்கும்.

"மெக்கானிக்கைக் கூப்பிட்டீங்களா?"

"அவங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

போனைப் பிடுங்கி நானே கூப்பிட்டேன்.

முன்னெல்லாம் வார்ட்னு ஒரு மெக்கானிக் வருவான். ஊர்க்காரன். காபி குடிச்சுக்கிட்டே மூணு தடவை கேட்பான், மூணாவது தடவை வேலையை முடிப்பான். அவன் இப்ப ஓய்வெடுத்து அரிசோனா வெயில்ல காயறான். அவன் வேலை பார்த்த கம்பெனி இப்ப அனுப்பினது டாமினிக்குன்னு ஒரு ஆள். நியூ ஜெர்சியில இருந்து புதுசா வந்தவன்.

நான் கிளம்பினப்புறம் அன்னிக்கு என்ன நடந்ததுன்னு அடுத்த நாள்தான் அத்தான் சொன்னார். "காபி குடிக்கிறீங்களான்னு கேட்டேன் லெம்பி. குடிக்கிறேன்னுட்டான். முதல் தடவையே!" அந்த அதிர்ச்சியில இருந்து அவர் இன்னும் மீளலை.

"அது கிடக்கட்டும். ஃபர்னஸ் என்னாச்சு?"

"தீ எரியுதான்னு பார்த்துச் சொல்ற சின்னக் கம்பி ஒண்ணு இருக்காம். அது அழுக்காப் போச்சாம். தேய்ச்சு விட்டாப் போதுமாம், இருபது டாலர்தான் கூட ஆகுமாம். செய்யட்டுமான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அத்தான் கையுறையையே பார்த்தார். "வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்னேன். பெட்டியை மூடிட்டான். வந்து போனதுக்குன்னு நூறு டாலர் வாங்கிக்கிட்டுப் போயிட்டான். அவன் திரும்பக் கேட்கவே இல்லை லெம்பி!"

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்வாங்க. இங்க சுமைகூலியைக் கொடுத்துட்டுச் சுண்டைக்காயையும் கோட்டை விட்டிருக்கார் மனுஷன்.

"திரும்பக் கூப்பிடுங்க. செய்னு சொல்லுங்க. ஒரே வார்த்தை!"

புதன்கிழமை டாமினிக் வந்தான். எனக்குப் பல் டாக்டர்கிட்டப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்தா அத்தான் அதே தொப்பியில இருக்கார்.

"இன்னொரு நூறா?"

"'இன்னிக்காவது செய்யட்டுமா'ன்னு கேட்டான். நிறைய வேலை இருக்கும் போல, பார்க்கவே களைப்பா இருந்தான். 'வேற யாருக்காவது அவசரம்னா முதல்ல அங்க போயிட்டு வாங்க'ன்னேன். போயிட்டான்."

எனக்கு வந்த கோபத்துல அந்த வீடே சூடாகியிருக்கணும். பேசாம வேற கம்பெனிக்குப் போன் போட்டேன். அது நான் செஞ்ச முட்டாள்தனம்.

வியாழக்கிழமை வந்த ஆள் பேரு கீத் லண்டீன். ஷூ பளபளன்னு இருந்தது. ஃபர்னஸோட மூடியைக்கூடத் திறக்கலை. மேல ரெண்டு தட்டு தட்டினான், சாவு வீட்டுல நிக்கிற மாதிரி பெருமூச்சு விட்டான். "முடிஞ்சுபோச்சு சார். புதுசுதான் போடணும். ஏழாயிரம் டாலர். போட்டுடட்டுமா?"

"வேண்டாம்"னார் அத்தான்.

"யோசிச்சுப் பாருங்க. நாளைக்கே போட்டுடலாம்."

"பரவாயில்லை, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

எனக்கு அப்பத்தான் உறைச்சது. இவன் உள்ளூர்க்காரன். எங்க சூட்சுமமெல்லாம் இவனுக்கு அத்துப்படி.

கீத் அத்தான் தோள்ல கையை வச்சான். "உங்க வீட்டம்மாவுக்காகவாவது போட்டுக்கலாமே சார்?"

மூணாவது தடவை! அத்தான் வாய் தானாத் திறந்தது. "சரி, உங்களுக்குத் தொந்தரவு இல்லே..."

அன்னிக்கும் அத்தானுக்காகக் கொண்டு வந்து கையிலயே வச்சிருந்த சூப் பானையை அப்படியே கீழ போட்டேன். சூப் மொத்தமும் அந்தப் பளபள ஷூ மேல. "அடடா, மன்னிச்சுக்குங்க"ன்னேன். ஒரு துளிகூட வருத்தமில்லை. அவன் துள்ளிக்கிட்டு வண்டிக்கு ஓடினான். ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. எவனாவது ஃபர்னஸ் மூடியைத் திறக்காமலே விலை சொன்னான்னா, நீங்க வாசக்கதவைத் திறந்து விட்டுடுங்க.

வெள்ளிக்கிழமை காலையில டாமினிக்கையே திரும்ப வரவழைச்சேன். இந்தத் தடவை அத்தான் பக்கத்துலயே காவல் நின்னேன். டாமினிக் பெட்டியைத் திறக்கவே இல்லை, கையைக் கட்டிக்கிட்டு நின்னான்.

"பெரியவரே, நான் சும்மா வந்து சும்மா போறதுக்கே இருநூறு டாலர் கொடுத்திருக்கீங்க. எனக்கே வெட்கமா இருக்கு. கம்பியைத் தேய்க்கட்டுமா, வேண்டாமா?"

"தேய்ப்பா!"ன்னேன் நான்.

"வீடு உங்களுதா அம்மா? வீட்டுக்காரர்தான் சொல்லணும்."

அத்தான் உதடு "வே"ன்னு குவியறதைப் பார்த்தேன். அந்த நேரம் போன் அடிச்சது. ஆஸ்பத்திரி நர்ஸ். பேசறது எங்க எல்லார் காதுலயும் விழுந்தது.

"மிஸ்டர் ஹாபலா, உங்க மனைவியை முதியோர் இல்லத்துக்கு அனுப்ப மதியம் வண்டி வருது. அவங்க துணிமணியை அங்க கொண்டு போயிடுங்க."

"வீட்டுக்கில்ல வர்றதா இருந்தா?"

"வீட்டுக்குப் போறீங்களான்னு கேட்டோமே. 'வேண்டாம், அவருக்கு எதுக்குச் சிரமம்'னு சொல்லிட்டாங்க."

அத்தான் கேட்டார்: "எத்தனை தடவை கேட்டீங்க?"

"ஒரு தடவைதான். ஏன்?"

போனை வச்சுட்டுத் தொப்பியைக் கழட்டினார். இத்தனை வருஷத்துல அவர் கண்ணுல தண்ணி வந்து நான் பார்த்ததில்லை. "அவளைப் போய் நம்பிட்டாங்களே லெம்பி"ன்னார். டாமினிக் பக்கம் திரும்பினார். முகம் தக்காளியாச் சிவந்திருந்தது. ஊருக்கு முன்னால துணியில்லாம நிக்கிறவர் மாதிரி கூச்சத்தோட, "செய்யப்பா"ன்னார். "இப்பவே செய். எனக்கு வேணும்."

டாமினிக் கம்பியைக் கழட்டினான், ஒரு பொத்தான் தைக்கிற நேரம்கூட ஆகலை, தேய்ச்சு மாட்டிட்டான். ஃபர்னஸ் பத்திச்சு. அணையலை. "இன்னிக்கு வந்து போன கூலி வேண்டாம்"னான். அத்தான் உடனே "சரி, தேங்க்ஸ்"னுட்டார். ஒரு வேகத்துல வந்துடுச்சு போல.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்கா சக்கர நாற்காலியில, கோட்டைப் போட்டு, மடியில பையை வச்சு உட்கார்ந்திருந்தா. வாசல்ல இல்லத்து வண்டி நிக்குது, டிரைவர் கடிகாரத்தைப் பார்க்கிறான். அத்தான் அவ முன்னால குனிஞ்சார்.

"எல்மா, வீடு சூடா இருக்கு. வீட்டுக்கு வரியா?"

இவ ரெண்டு தடவை மறுத்து முடிக்கிறதுக்குள்ள டிரைவர் தூக்கி ஏத்திடுவானேன்னு எனக்குப் பயம்.

"வரேன்"னா அக்கா.

ரெண்டாவது தடவை கேட்க வாயைத் திறந்த அத்தான், மூடத் தெரியாம நின்னார்.

"நிஜமாவா எல்மா?"

"அதான் வரேன்னு சொல்லிட்டேனே. தள்ளுங்க நாற்காலியை, போலாம்."