சைலன்ஸர் வலையில் போட்ட ஓட்டை

பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறேன். என் மனைவியும் அதே வேனில்தான் வேலைக்கு வருவாள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் வெடிக்குள் வெடிமருந்து செலுத்துகிறாள். போன சீசனில் வண்டி இழுக்க மறுத்தது. மேடு ஏறினால் கரும்புகை கக்கும். லேசில் ஸ்டார்ட் ஆகாது.

எனக்கோ எல்லாம் தெரியும் என்ற திமிர். கம்பெனிக்குள் போகிற வண்டிக்குச் சைலன்ஸர் வாயில் கம்பி வலை மாட்டியிருக்க வேண்டும், தீப்பொறி வெளியே வராமலிருக்க. அந்த வலை முழுக்கக் கரி அடைத்திருந்தது. மூக்கைப் பொத்தினால் எப்படி இழுக்கும் என்று ஸ்க்ரூடிரைவரால் நாலு குத்து குத்திவிட்டேன். கேட் வாட்ச்மேன் வலை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார், கிழிந்திருக்கிறதா என்று பார்க்கமாட்டார். வண்டி பறந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அதே மாடல் வண்டியும் அதே கோளாறும் வைத்திருந்த இன்னொரு டிரைவரிடமும் பெருமையாகச் சொல்லி, அவனையும் குத்திவிடச் சொன்னேன்.

எட்டு நாளில் பழையபடி திணறல். அன்று சாயங்காலம் ஆளை ஏற்றிவர அந்த டிரைவரையே அனுப்பிவிட்டு, சாத்தூரில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். ஏர் ஃபில்டரைப் பார்த்தார், ஸ்கேனரை மாட்டினார், கடைசியில் என்ஜினிலிருந்து ஒரு வால்வைக் கழற்றிக் காட்டினார்.

"இது ஈ.ஜி.ஆர். வால்வு. புகையில கொஞ்சத்தத் திரும்ப என்ஜினுக்கே அனுப்புற கதவு. வேண்டாதப்ப மூடணும். இது கரி புடிச்சுத் தொறந்தபடியே நிக்குது. என்ஜினுக்கு நல்ல காத்து இல்ல, அதான் இம்புட்டுக் கரி."

பிறகு பின்னால் போய் வலையைத் தொட்டார். விரல் உள்ளே போய்விட்டது.

"இத யாரு குத்துனது?"

"நான்தாண்ணே. அடைச்சிருந்துச்சு."

"அடைச்சது வலையோட தப்பா? குழாயில சேந்த கரி சூட்டுல கனிஞ்சு, ஆக்ஸிலேட்டர மிதிச்சா தீக்கங்கா வெளிய தெறிக்கும். எம்புட்டு நாளா இப்படி உள்ள போயிட்டு வாறீக?"

சாயங்காலம் வண்டி மருந்து அறைக்குப் பக்கத்து வேப்பமரம் வரை போகும். அணைத்தால் திரும்ப எடுக்காது என்று என்ஜினை ஓடவிட்டே ஆள் ஏற்றுவோம். என் வண்டி இங்கே நிற்கிறது. நான் குத்தச் சொன்ன வண்டி அங்கே போயிருக்கிறது.

அவனுக்குப் போன் அடித்தேன். அணைந்திருந்தது. கேட்டில் எல்லார் போனையும் அணைத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் உள்ளே போய்விட்டான். ஆபீஸ் நம்பரை யாரும் எடுக்கவில்லை. மெக்கானிக்கின் பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். ரோட்டைப் பார்த்ததைவிட வானத்தைப் பார்த்ததுதான் அதிகம், புகை எழும்புகிறதா என்று.

கேட்டில் பைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். மரத்தடியில் வேன் உதறிக்கொண்டு நின்றது. முழங்கை வரை வெள்ளி நிற மருந்துப் பொடியோடு என் மனைவி படியில் கால் வைத்துக்கொண்டிருந்தாள். என்ஜின் நின்றுவிடக் கூடாதென்று அவன் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, ஆஃப் பண்ணு!"

சாவியைத் திருப்பிவிட்டு என்னையே பார்த்தான். "என்னண்ணே, நீங்கதான குத்திவிடச் சொன்னீக?"

சைலன்ஸருக்கு நேரே, மருந்து அறைக்குப் போகும் பாதையில், வெடி சுற்றும் தாள் ஒன்று கிடந்தது. குனிந்து எடுத்தேன். நடுவில் மிளகளவு கருகிய ஓட்டை. ஓரம் இன்னும் சூடாக இருந்தது.