யன்னலில் ஒரு கோப்பை

அன்று மேசையில் நான் இருந்தேன். மனைவி இருந்தாள். நாலு வயது மகள் இருந்தாள். குசினி வாசலில் அந்தப் பெண் நின்றாள். 2009, லண்டன் நோர்பரி.

எங்கள் இருவருக்கும் ஷிப்ட் வேலை. அந்தப் பெண், மகளைப் பார்த்துக்கொள்ள ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து எங்களோடு தங்கியவள். வீட்டில் ஒருத்தியாக வைத்திருக்க வேண்டும் என்று ஏஜென்சி சொல்லியிருந்தது. நெடுத்த பிள்ளை, சிவந்த கைகள். தேத்தண்ணி குடித்ததும் தன் கோப்பையைக் கழுவி யன்னலில் கவிழ்ப்பாள். முதல் நாளே மனைவி அதைத் தனியாகப் பிரித்துக் கொடுத்திருந்தாள்.

"மாடு தின்னுற வாய். எங்கட கோப்பையளோட வேண்டாம்."

அன்று மத்தியானம் ஸ்டேஷனடிக் கடையில் நான் மாட்டிறைச்சி பர்கர் தின்றுகொண்டிருந்தபோது அந்தப் பெண் கண்டுவிட்டாள். ஷிப்ட் நாட்களில் தின்பேன். மனைவிக்குத் தெரியாது.

மேசையில் மகள் கேட்டாள், "அப்பா, அக்கான்ர கப் மட்டும் ஏன் யன்னலில?"

"அவ மாடு சாப்பிடுறவ, குஞ்சு," என்றாள் மனைவி.

மகள் அதை அப்படியே குசினி வாசலில் நின்றவளுக்கு இங்கிலிஷில் சொன்னாள். அவள் என்னைப் பார்த்தாள். சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஓம், ஓம்," என்று சிரித்தாள். ஆம் என்பதற்கு எங்களிடம் பழகிய சொல்.

பிறகு என் கோப்பையைக் கழுவி அலமாரிக்குள் வைத்தாள். தன்னுடையதை யன்னலில் கவிழ்த்தாள்.

அவள் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று இன்றும் தெரியாது.

அடுத்த மாதம் அவள் போய்விட்டாள். அந்தக் கோப்பையை எறியச் சொன்னாள் மனைவி. எறிந்தேன். அலமாரியைத் திறந்து எங்கள் கோப்பைகளை எண்ணினேன்.

என்னுடையதையும் சேர்த்துப் பதினாறு.