கேமராவைப் பார்க்காதீங்க

காஞ்சிபுரம் பக்கம் மாகறலில் ஒரு கணவன் மனைவியை ஒன்றரை வருடம் படம் பிடித்தேன். கூலிக்கு வயல் வேலை செய்பவர்கள். நாற்று விட்டதில் தொடங்கி, திரௌபதி அம்மன் திருவிழாவில் கணவர் தீ மிதிப்பது வரை ஓர் ஆவணப்படம். படத்தில் இருப்பவர்கள் கேமராவைப் பார்க்கவே கூடாது என்பது அப்போது என் பிடிவாதம். பார்த்துவிட்டால் அது நடிப்பாகிவிடும் என்று நம்பினேன்.

அவருக்கு அது வரவே இல்லை. குனிந்து வரப்பு வெட்டிக்கொண்டிருப்பார். திடீரென்று நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

"அண்ணே, கேமராவப் பாக்காதீங்கன்னு சொன்னேன் இல்ல?"

"எதுர்ல நின்னுகினு கீற. உன்னப் பாக்காம எப்டிமா இருக்கறது?"

தீமிதி அன்று மஞ்சள் வேட்டியோடு குழியைக் கடந்து வந்தவர், நேராக என் முன்னால் வந்து நின்று, வேர்வை வழிய, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. எடிட்டிங்கில் அவர் சிரித்த இடங்களையெல்லாம் ஒதுக்கினேன். ஹார்ட் டிஸ்கில் இடம் போதாமல் போனபோது முதலில் அழித்ததும் அவற்றைத்தான்.

சென்னையில் திரையிட்டோம். கேமரா இருப்பதே தெரியவில்லை என்று பாராட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வாரம் ஊரில் போட்டுக் காட்டுகிறேன் என்று அவரிடம் போனில் சொன்னேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மோட்டார் கொட்டகையில் மின்சாரம் தாக்கி அவர் இறந்துபோனார்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவி என்னை வரச் சொன்னார். காலையிலேயே போனேன். லேப்டாப்பைத் தரையில் வைத்து முழுப் படத்தையும் காட்டினேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு பார்த்தார்.

"முதுவு முதுவாவே கீதேமா," என்றார் முடிந்ததும். "மூஞ்ச காட்டு. தீ மிதிச்சிட்டு வந்து உன்னப் பாத்து சிரிச்சாரே, நான் பக்கத்துலதான இருந்தேன், அது எங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"அழிச்சிட்டேன்க்கா."

"அயிச்சிட்டியா? இன்னாத்துக்கு?"

"கேமராவப் பாத்துட்டாருன்னு."

அவர் கத்தவில்லை, ஏசவில்லை. புரியாமல் என்னையே பார்த்தார்.

"உன்ன மதிச்சிதானமா பாத்தாரு?"

வீட்டில் அண்ணன் படம் என்று இருந்தது ஆதார் அட்டை மட்டும்தான். அதில் மிரண்டுபோய் விழித்துக்கொண்டிருந்தார். இருவருமாக உத்திரமேரூர் போய் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினோம். ஸ்டூடியோக்காரர், கேட்காமலேயே, அவருக்குக் கோட்டு மாட்டிவிட்டிருந்தார். அக்கா அப்படியே வாங்கிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் படத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். மாகறல் வந்ததும் எழுந்தவர், "அயுவாத, போ," என்று என் தோளைத் தொட்டுவிட்டு இறங்கினார். கூடவே இறங்க எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ் காஞ்சிபுரம் போய்ச் சேரும்வரை உட்கார்ந்திருந்தேன்.