வெர்லீன் தவறவிட்ட மீன்கள்

கண்டர்ஸ்வில் ஏரிக்கரையில் வெர்லீன் டிட்மோர் நடத்திய சனிக்கிழமை வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், காலையில் மீனைத் தவறவிட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, எப்படித் தவறவிட்டோம் என்று தங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு ரொட்டி கிடையாது. மீன் பெரிது, தூண்டில் நரம்பு பழசு, காற்று எதிர்த்து அடித்தது என்ற கதையெல்லாம் செல்லாது. நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று செய்த தப்பைச் சொல்லிப் பழகியவர்கள்தான். கடவுள் கேட்டுவிட்டு மன்னித்துவிடுவார். வெர்லீன் கேட்டுவிட்டு, சாப்பிட்டதும் அதே இடத்தில் போய் இன்னொரு தடவை வீசச் சொல்வாள்.

ஒன்பது வருஷத்தில் அவள் மட்டும் ஒரு தடவைகூட எழுந்து நின்றதில்லை.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஃபோர்ட் பெய்னில் ஒரு காலுறை ஆலையில் இருபத்திரண்டு வருஷம் காலுறைகளின் விரல்முனையைத் தைத்து மூடியவள். ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக ஏரிக்குத்தான் போவாள். புருஷன் டாயில் டென்னசி ஆற்றில் சரக்குப் படகில் வேலை. இரண்டு வாரம் ஆற்றில், இரண்டு வாரம் வீட்டில். மீன் என்றாலே அவனுக்கு ஆகாது, வாசனையே பிடிக்காது. ஆகவே ஏரி முழுக்க அவளுக்கே இருந்தது. அவள் வீசியது எப்போதும் ஒரே இரைதான்: ஊதா நிற ரப்பர் புழு. புழு அடியில் மெதுவாக ஊர்ந்து வரும். பாஸ் மீன் அதை வாயில் எடுக்கும்போது நரம்பில் 'டக்' என்று ஒரு தட்டு வரும். அந்தத் தட்டு கைக்கு வந்த நொடியிலேயே, முள் குத்தும்படி வெர்லீன் தூண்டில் கோலைச் சுண்டிவிடுவாள். யோசித்தால் மீன் துப்பிவிடும். ஆலையில் ஊசிக்கும் விரலுக்கும் நடுவே வேலை செய்த கை அது, யோசிக்கப் பழகியதில்லை. ஒரு வருஷம் பெண்கள் போட்டியில் ஒன்பது பவுண்டு பாஸ் ஒன்றைத் தூக்கினாள். அந்தப் போட்டோ ஹார்லன் பிக்கார்டின் இரைக் கடைச் சுவரில் இன்னும் தொங்குகிறது. நிறம் போய், மீனும் அவளும் ஒரே மஞ்சளாக இருப்பார்கள்.

ஆலையை மூடினார்கள். அதன்பிறகு ஒரு வருஷம் யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. நூல் அறுந்தால் என்ன செய்வது, இயந்திரம் ஏன் சத்தம் போடுகிறது என்று நாளுக்கு நூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அதுதான் பெரிய அடி. அப்போதுதான் ஹார்லன் கூப்பிட்டான். புதிதாக மீன் பிடிக்க வருகிறவர்கள் விதவிதமான பொய் இரைகளை வாங்கிப் போய், ஒன்றும் கடிக்கவில்லை என்று மறுவாரம் அவன் தலையில் கட்ட வருகிறார்களாம். "நீங்க சொல்லிக் குடுங்க மிஸ் வெர்லீன், எனக்கு இந்தத் தலைவலி போகும்" என்றான்.

கற்றுக்கொள்ள வருகிறவன் நாற்பது இரை கொண்ட பெட்டியோடு வருவான். ஐந்து தடவை வீசுவான், மாற்றுவான். இன்னொரு ஐந்து, மறுபடி மாற்றுவான். இந்த வியாதிக்கு வெர்லீன் வைத்தியம் வைத்திருந்தாள். எல்லார் பெட்டியையும் பிடுங்கி, கடையில் மண்புழு வைத்திருக்கும் குளிர்பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவாள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு இரை. திட்டுவார்கள், பிறகு பிடிப்பார்கள்.

இந்த வருஷம் மே மாதத்தில் ஹார்லன் ஒரு சுவர் நிறைய ரப்பர் தவளைகளைத் தொங்கவிட்டான். உள்ளே காற்று மட்டும் உள்ள குட்டித் தவளை. முதுகோடு ஒட்டினாற்போல் இரண்டு முள். பாசி மேலேயும் மிதக்கும் இலை மேலேயும் இழுத்தால் எதிலும் சிக்காமல் தத்தித் தத்தி வரும்.

"எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. அடுத்த சனிக்கிழம தவள வகுப்பு வெப்போமா? உங்களுக்குப் பழக்கம் இல்லன்னா சொல்லுங்க, சட்டனூகால என் அக்கா பையன் டானர் இருக்கான். வீடியோ எல்லாம் போடுறான். அந்த வாரம் மட்டும் அவன் பாத்துக்கட்டும்."

"தவளையப் போய் வீசத் தெரியாதா எனக்கு" என்றாள் வெர்லீன்.

வாழ்க்கையில் ஒரு தடவைகூட வீசியதில்லை. ஆனால் 'அந்த வாரம் மட்டும்' என்ற பேச்சை ஆலையில் அவள் கேட்டிருக்கிறாள். அந்த வாரம் மட்டும் என்று அனுப்பப்பட்டவர்கள் திரும்பி வந்ததில்லை. சனிக்கிழமை போய்விட்டால் அவளுக்கு வாரத்தில் மிச்சம் இருப்பது ஆறு வெறும் நாட்கள்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் யாரும் வராத ஓடைப்பக்கம் போய்த் தவளையை வீசினாள். மீன்கள் வந்தன, அதில் குறையே இல்லை. இலைகளுக்கு நடுவே தண்ணீர் வெடித்துச் சிதறும், தவளை காணாமல் போகும், அந்த நொடியிலேயே அவள் கை சுண்டிவிடும். முள் தவளையின் முதுகோடு ஒட்டியிருக்கிறது அல்லவா, மீன் வாயை மூடி அதை நசுக்கினால்தான் முள் வெளியே வரும். அதற்கு முன் சுண்டினால் தவளை மட்டும் திறந்த வாயிலிருந்து பிய்த்துக்கொண்டு முகத்தை நோக்கிப் பறந்து வரும். தவளை வந்த அட்டையின் பின்பக்கம் அச்சடித்தே இருந்தது: கனம் கையில் தெரியும்வரை பொறுக்கவும். அவள் பத்துத் தடவை படித்தாள். படித்தது கண், சுண்டியது கை. மூன்று நாளில் பதினோரு மீன் போயிற்று.

வியாழன் இரவுச் சாப்பாட்டில் டாயில் அவள் நெற்றியைப் பார்த்தான்.

"என்ன வீங்கியிருக்கு?"

"தவள அடிச்சிருச்சு."

டாயில் சோளரொட்டியைப் பிட்டுக்கொண்டே கொஞ்சம் யோசித்தான். "செத்த தவளையா, உசுரோட உள்ளதா?"

"ரப்பர்."

"அப்ப சரி" என்று சாப்பிடத் தொடங்கினான். சிறிது நேரம் கழித்து, "தெரியலன்னு ஹார்லன்கிட்ட சொல்லிர வேண்டியதுதான?" என்றான்.

"உன் வேலையப் பாரு" என்றாள்.

சனிக்கிழமை நான்கு பேர் வந்தார்கள். ஸ்காட்ஸ்பரோ சபையில் பாடகர் குழுவை நடத்தும் ஒடெஸ்ஸா ஃபேன்ச்சர், அறுபத்தாறு வயது, கொக்கு மாதிரி நிமிர்ந்த பெண்மணி. இன்சூரன்ஸ் விற்கும் பர்ல் விசெனன்ட், நல்ல பருமன், எதைச் சொன்னாலும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்பவன். பிறகு கோஃபீல்ட் தம்பதி, ஒரே தொப்பி இரண்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

பெட்டிகள் குளிர்பெட்டிக்குப் போயின. கடையை ஒட்டி ஏரிக்குள் நீண்டிருந்த மரத்துறையில் நின்று வெர்லீன் சொல்லிக்கொடுத்தாள். இலை மேல் விழ வேண்டும், இலைகளுக்கு நடுவே துளை வந்தால் நிறுத்த வேண்டும், தண்ணீர் வெடித்தாலும் பொறுக்க வேண்டும். அட்டையில் இருந்ததை ஒரு சொல் விடாமல் சொன்னாள். பிறகு வீசிக் காட்டினாள். மூன்றாவது வீச்சிலேயே தண்ணீர் வெடித்தது. கை சுண்டியது. தவளை அவள் தோளுக்கு மேலே பறந்து கோஃபீல்டின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போயிற்று.

"பாசில மாட்டிக்கிச்சு" என்றாள் வெர்லீன்.

இன்னொரு தடவை வீசினாள். அதுவும் போயிற்று. அதற்கும் பாசிதான். பாசியில் மாட்டாமல் இருக்கத்தானே அந்தத் தவளையைச் செய்திருக்கிறார்கள் என்று கேட்கும் அளவுக்கு நால்வருக்கும் விவரம் போதவில்லை. கடை வாசலில் சாய்ந்து நின்ற ஹார்லனுக்கு விவரம் உண்டு. அவன் உள்ளே போனான்.

ஒடெஸ்ஸா அமைதியாக இரண்டு பவுண்டு பாஸ் ஒன்றைப் பிடித்து, பிடித்ததற்காக அதனிடமே மன்னிப்பும் கேட்டுவிட்டு, தண்ணீரில் விட்டாள். கோஃபீல்ட் தம்பதி ஒருவர் நரம்பை ஒருவர் சிக்கவைத்துக்கொண்டு, யார் சிக்கவைத்தது என்பதில் ஒரு மணி நேரம் போக்கினார்கள். பர்ல் மட்டும் வெர்லீனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் நின்ற மாதிரி நின்றான், அவள் பிடித்த மாதிரி பிடித்தான்.

பதினொன்றரை மணிக்கு அவன் தவளைக்குப் பின்னால் ஒரு மீன் எழுந்தது. துறையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். எட்டுப் பவுண்டுக்குக் குறையாது. வாய் மட்டும் ஒரு பக்கெட் அளவு. பர்ல் அந்த நொடியிலேயே சுண்டினான், அச்சு அசலாக வெர்லீன் சுண்டியதைப் போல. தவளை அவன் மூக்கில் வந்து அடித்தது. தண்ணீர் ஆடி அடங்கியது.

பர்ல் கோலைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வெர்லீன் தன் கையைப் பார்த்தாள்.

மத்தியானம் துறையில் மேசை போட்டு, சீஸ் தடவிய ரொட்டியும் அவித்த நிலக்கடலையும் இனிப்புத் தேநீரும் வைத்தான் ஹார்லன். சட்டப்படி பர்ல் முதலில் எழுந்தான். மூக்கு சிவந்திருந்தது.

"பொறுங்கன்னு மிஸ் வெர்லீன் தெளிவாச் சொன்னாங்க. எழுதியும் வெச்சிருக்கேன். அவுங்க செஞ்ச மாதிரியேதான் செஞ்சேன்னு நெனச்சேன், ஆனா எங்கயோ தப்புப் பண்ணிட்டேன். எனக்கு இது வராது போல. என் தம்பி அப்பவே சொன்னான், உன் அவசரத்துக்கு மீன் பிடிக்கிறதெல்லாம் ஒத்து வராதுன்னு. உங்ககிட்ட வாங்குன தூண்டில் கோலத் திருப்பிக் குடுத்துர்றேன் ஹார்லன்."

உட்கார்ந்தான். கோஃபீல்ட் தம்பதி ஆளுக்கு ஒரு சிக்கைச் சொன்னார்கள். ஹார்லன் ரொட்டித் தட்டை நகர்த்தினான்.

"இருங்க" என்றாள் வெர்லீன். "இன்னும் ஒரு ஆள் பாக்கி."

எழுந்து நின்றாள். ஒன்பது வருஷமாக மற்றவர்களை நிற்கவைத்த இடம் இவ்வளவு உயரமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

"இந்த வாரம் பதினோரு மீன விட்டேன். இன்னிக்கு ரெண்டு. பாசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. தண்ணி வெடிச்சதும் சுண்டிட்டேன். முப்பது வருஷம் புழு வீசுன கை, சொன்னாக் கேக்க மாட்டேங்குது. எனக்குத் தவள வராது. வரும்னு ஹார்லன்கிட்ட பொய் சொன்னேன். பர்ல், நீங்க எந்தத் தப்பும் பண்ணல. நான் பண்ணுனதப் பாத்து அப்படியே பண்ணுனீங்க. அந்த எட்டுப் பவுண்டு என் கணக்கு."

நிலக்கடலை ஆறிக்கொண்டிருந்தது. ஹார்லன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

"அப்ப... தவளைக்கு டானரக் கூப்பிடுறதுதான் சரின்னு படுது" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அந்த டானர் எத்தன மீன விட்டிருக்காராம்?" என்று பர்ல் கேட்டான்.

"அவன் வீடியோல ஒண்ணுகூட விட்டதில்லையே."

"அப்ப அவர் சொல்றது எனக்குப் புரியாது" என்றான் பர்ல். குறிப்பேட்டில் ஏதோ எழுதி அடிக்கோடிட்டான்.

ஒடெஸ்ஸா அதுவரை தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். "மிஸ் வெர்லீன், என் குழுவுல உங்கள மாதிரி ரெண்டு பேரு இருக்காங்க. நல்ல குரல், ஆனா எப்பவும் மத்தவங்களுக்கு முந்திப் பாட ஆரம்பிச்சிருவாங்க. பொறு பொறுன்னு பத்து வருஷம் கத்திப் பாத்தேன். அவுங்க காது கேட்டாத்தான? இப்ப பாட்டுப் புஸ்தகத்தயே பிடுங்கிட்டேன். என் கையத்தான் பாக்கணும். கை இறங்கினா வாயத் திறக்கலாம். சாப்பிடுங்க, காட்டுறேன்."

சாப்பிட்டார்கள். வெர்லீன் தன் ரொட்டியைக் கடைசித் துண்டுவரை தின்றாள்.

பிறகு அவளைத் துறையின் ஓரத்தில் பக்கவாட்டாக நிற்கவைத்தாள் ஒடெஸ்ஸா. வீசியதும் தண்ணீரைப் பார்க்கக் கூடாது, பாடகர் குழுவுக்குத் தூக்குவதைப் போல் தூக்கிய தன் வலது கையைத்தான் பார்க்க வேண்டும், தண்ணீரைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் கை இறங்கினால் மட்டும் சுண்டலாம் என்றும் சொன்னாள். வெர்லீன் வீசினாள், கையைப் பார்த்தபடியே இழுத்தாள். கடுப்பாக இருந்தது. அறுபத்தாறு வயதுப் பெண்மணியின் மோதிர விரலைப் பார்த்து மீன் பிடிப்பவள் இந்த ஏரியில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பதினைந்து, இருபது வீச்சு அப்படியே போயிற்று. ஒடெஸ்ஸாவின் கை தூக்கியபடியே இருந்தது.

பக்கத்தில் தண்ணீர் வெடித்தது.

கை இறங்கவில்லை. வெர்லீனின் தோள் துடித்தது, விரல்கள் கோலை நசுக்கின. "இருங்க" என்றாள் ஒடெஸ்ஸா, சபையில் பேசும் மெல்லிய குரலில். நரம்பு பக்கவாட்டில் நகரத் தொடங்கியது. கோல்முனை வளைந்து, ஒரு கனம் மெதுவாக உள்ளங்கைக்கு வந்து உட்கார்ந்தது. கை இறங்கியது. வெர்லீன் சுண்டினாள்.

நான்கு பவுண்டு இருந்தது. கோஃபீல்ட் தம்பதி அன்றைக்கு முதல் தடவையாக ஒரே மனதாகக் கைதட்டினார்கள். வெர்லீன் மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு, முகத்தை ஏரிப்பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியதை மறைக்கத்தான். எல்லாருக்கும் தெரிந்தது.

"கையக் கொஞ்சம் லேட்டாத்தான் எறக்குனேன்" என்றாள் ஒடெஸ்ஸா. "உங்களுக்கு லேட்டுதான் சரி."

பர்ல் கோலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஹார்லன் சட்டனூகாவுக்குப் போன் பண்ணவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமையும் தவளைதான். ஆறு பேர் வந்திருந்தார்கள், பர்ல் உட்பட. மத்தியானம் மேசை போட்டதும், யாரும் சொல்லாமலே வெர்லீன் முதலில் எழுந்து நின்றாள்.

"இந்த வாரம் ஒண்ணு. ஒடெஸ்ஸாவோட கைய நெனச்சுக்கிட்டே இருந்தேன், நடுவுல அடுப்புல வெச்ச பீன்ஸ் ஞாபகம் வந்துருச்சு. சுண்டிட்டேன்."

பர்ல் தட்டிலிருந்து முதல் ரொட்டியை எடுத்து அவளிடம் நீட்டினான்.