கோமதி பயந்தவள் இல்லை

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் அன்று இருந்தவர்கள்: நர்ஸம்மா. என் மகன் சேகர். கட்டிலில் என் மருமகள் கோமதி. அவள் பக்கத்தில் முதல் நாள் பிறந்த அவளுடைய இரண்டாவது பெண். அப்புறம் நான்.

கோமதியைக் கொன்றது என் வாய்.

நர்ஸம்மா கேட்டாள்: "ரெண்டு ஆயிடுச்சு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிறியாம்மா? ஒடம்புல ரத்தமே இல்ல. இன்னொண்ணு தாங்காது."

"பண்ணிடுங்கக்கா. எனக்குப் போதும்." பளிச்சென்று சொன்னாள்.

நான் குறுக்கே விழுந்தேன். "வலியில என்னமோ பெனாத்துது. ஒரு பையன் பொறக்கட்டும், நானே இட்டுக்கிட்டு வரேன்."

நர்ஸம்மா சேகரைப் பார்த்தாள். "அம்மா சொன்னா சரிதான்" என்றான், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் பெற்ற ஆம்பளை!

வயிறு யாருடையதோ, அவளை இரண்டாம் முறை யாரும் கேட்கவில்லை. படித்த நர்ஸம்மாவும் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

பையன் எதற்கு? இரண்டு ஆடு, ஒழுகுகிற ஒரு வீடு... இதற்கு வாரிசு! த்தூ!

மூன்றாவது பையன்தான். ரத்தம் நிற்கவில்லை. கடலூருக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். வழியிலேயே போய்விட்டாள்.

இதில் பாதி உங்களுக்குத் தெரியும். நான்தான் மேடை மேடையாகச் சொன்னேனே! மருமகளைப் பறிகொடுத்தவள் பேசினால் எடுபடும் என்று மகளிர் குழுவில் என்னை மேடை ஏற்றிவிட்டார்கள். "பெத்துக்கறதும் நிறுத்துறதும் பொம்பளையோட உரிமை. யாரும் தடுக்கக் கூடாது" என்பேன். அது நிஜம். அதோடு நிறுத்தினேனா? "எம் மருமவ ஆபரேஷனுக்குப் பயந்தா. நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல. அவள மாதிரி பயப்படாதீங்க."

நீங்கள் மூக்கைச் சிந்தினீர்கள். கைதட்டினீர்கள். சால்வை போட்டீர்கள். உங்களில் எத்தனை பேர் மாமியார்! நம் வீடுகளில் மருமகள் பேச்சு எடுபடுமா என்று உங்களுக்குத் தெரியாதா? ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. திறந்தால் உங்கள் வீட்டுக் கதையும் வெளியே வரும்...

கேட்டவள் ஒருத்திதான். போன மாதம் திருப்பாதிரிப்புலியூர் கூட்டத்தில் கோமதியின் அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் கவனிக்கவில்லை. முடிந்ததும் கிட்டே வந்தாள்.

"சம்பந்தி, எம் பொண்ணு பயந்தவ இல்ல. ஆபரேஷன் பண்ணிக்கிறேன்னு எங்கிட்ட சொல்லிட்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனா. செத்தவ மேல ஏன் பழி போடுறீங்க?"

"பழச ஏன் கிளறுறீங்க" என்றேன். சால்வையை மடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பெற்றவளிடம் சொல்லாததை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உங்களைப் பார்த்து எனக்கு வெட்கமும் இல்லை.

நாளைக்குக் கூப்பிட்டாலும் வருவேன். பொம்பளை உரிமை என்று பேசுவேன். அந்தப் பேச்சில் பொய் இல்லை, பேசுகிறவள்தான்...

கோமதி கேட்டாள். நான் விடவில்லை.

சாகும்போது அவளுக்கு வயது இருபத்து நான்கு.