பாடைச் சுழித் துப்பாக்கி

என் தங்கை முனியம்மாளின் புருஷன் மாதப்பனைப் பற்றிக் கடத்தூரில் யாரைக் கேட்டாலும் மாட்டுத் தரகர் என்றுதான் சொல்வார்கள். ஏதோ சந்தையோரத்துத் தரகர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் சந்தைக்குள் நுழைந்தால் மாடு விற்க வந்தவன் பீடியை அணைத்துவிட்டு மாட்டின் முதுகைத் துடைக்க ஆரம்பிப்பான். முதலில் பல்லைப் பார்ப்பார், குளம்பைத் தட்டுவார், பிறகு தள்ளி நின்று சுழி பார்ப்பார். மாட்டின் உடம்பில் ரோமம் எங்கே சுழித்திருக்கிறது என்பதை வைத்து அது குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். கோபுரச் சுழி இருந்தால் வாங்குகிறவன் வீட்டுக்கு லட்சுமி வந்த மாதிரி. முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் சுழி இருந்தால் அது பாடைச் சுழி. அந்த மாட்டைச் சும்மா கொடுத்தாலும் எங்கள் ஊர்க்காரன் கட்டுத்தறிக்குக் கொண்டுபோக மாட்டான்.

விலை பேசுவதெல்லாம் துண்டுக்குள்தான். இரண்டு கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்துப் பிடித்துப் பேரம் நடக்கும், வாய் திறக்காது. கடைசியில் கையை இறுக்கிப் பிடித்துவிட்டால் கை போட்டாச்சு. அதோடு சரி. மறுவாரம் எவனாவது மாட்டைத் திருப்பிக் கொண்டுவந்து நின்றால், "கை போடறப்ப கண்ணு எங்க போச்சு?" என்று கேட்டு அனுப்பிவிடுவார். நிலக்கடலை வியாபாரியான எனக்கு அந்தக் குணம் பிடிக்காது. முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சிரிப்பார். "மச்சான், கடலைக்கா யாவாரம் வேற, மாட்டு யாவாரம் வேற" என்பார்.

அப்படிப்பட்ட மனிதர் 1935-ல் ஒரு சந்தை நாளில் குடைசாய்ந்த வண்டிக்கு அடியில் சிக்கிக்கொண்டார். இடுப்பெலும்பு போய்விட்டது. சேலத்து ஆஸ்பத்திரியில் கிடந்து ஊருக்கு வந்தபோது, தடி ஊன்றிப் புழக்கடைவரை போகலாம், அவ்வளவுதான். மாடுகளுக்கு நடுவே புகுந்து புகுந்து நடப்பது இனி இல்லை என்று ஆகிவிட்டது. மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சோறு வைத்தால் சாப்பிடுவார், கேட்டால் உம் என்பார். வருஷம் ஒன்று ஓடியது.

"அண்ணா, எனக்குப் பயமா இருக்குது. ராத்திரி மூச்சு வருதான்னு தொட்டுப் பாக்கறேன்" என்று முனியம்மாள் என் கடைக்கு வந்து அழுதாள். நான் அவளைத் திட்டித்தான் அனுப்பினேன். எனக்கும் அதே பயம் இருந்தது, அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

நிலக்கடலை மூட்டை ஏற்ற நான் மொரப்பூர் ஸ்டேஷனுக்கு அடிக்கடி போவேன். அங்கே டிமெல்லோ என்று ரிட்டயரான ரயில்வே கார்டு ஒருவர், ஆங்கிலோ-இந்தியர், நாங்கள் சட்டைக்காரர் என்போம், எங்கள் தமிழை ரயில் ஓடுகிற வேகத்தில் பேசுவார். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு மண்மேடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்டில் ஒரு பலகை நட்டு, வட்டம் போட்ட காகிதத்தை ஆணியடித்துவிட்டு, ஐம்பது கஜம் தள்ளி ஒரு கனத்த மேஜை போட்டு உட்காருவார். மேஜைமேல் மணல் மூட்டை. மூட்டைமேல் துப்பாக்கி. அதைத் தாங்க வேண்டாம், தூக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சை அடக்கி, விசையைத் தொட வேண்டியதுதான். ஸ்டேஷன் மாஸ்டரும் இன்னும் இரண்டு பேரும் வருவார்கள். யார் போட்ட ஓட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி விழுகின்றனவோ அவர் ஜெயித்தார். பந்தயமெல்லாம் இல்லை, ஜெயித்தவருக்கு டிமெல்லோவின் மனைவி செய்த கேக் ஒரு துண்டு.

உட்கார்ந்தே செய்கிற காரியம் என்றதும் எனக்கு மாதப்பன் ஞாபகம் வந்தது. அடுத்த ஞாயிறு வண்டியில் வைக்கோல் பரப்பி, திட்டித் தீர்த்து, ஏற்றிக்கொண்டு போனேன்.

"துப்பாக்கியத் தலகாணி வெச்சுத் தூங்க வெக்கறாங்களே, மச்சான்! கொழந்தையா அது?" என்றார் மணல் மூட்டையைப் பார்த்து. ஒரு வருஷத்தில் அவர் செய்த முதல் கேலி அதுதான். டிமெல்லோ தன் சொந்தத் துப்பாக்கியைக் கொடுத்தார். அது சின்னத் தோட்டா போடுகிற ரகம். தோட்டாவின் அடிவிளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கும். பட்டாசுக்கும் குறைந்த சத்தம், தோளில் உதையே தெரியாது. ஒடிந்த இடுப்புக்கு அதுதான் தோது. ஐந்து தோட்டாவும் வட்டத்துக்குள் விழுந்தன. டிமெல்லோ காகிதத்தைக் கொண்டுவந்து காட்டி, "ஏ மேன், உனக்குப் பிறவிக் கை!" என்றார். திரும்பும்போது மாதப்பன் ஸ்டேஷன் கடையில் நிறுத்தச் சொல்லி வடை சாப்பிட்டார். என் வண்டி மாட்டின் நடை சரியில்லை என்று வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தனக்கென்று ஒரு துப்பாக்கி வேண்டும் என்று அவரே கேட்டார். அவர் அப்பா காலத்தில் காட்டுப்பன்றி விரட்ட வாங்கிய நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தது. அதை ஒப்படைத்துவிட்டு ஒரே ஒரு ரைபிள் வைத்துக்கொள்ளலாம் என்று அலைந்து திரிந்து உத்தரவு வாங்கினோம். சென்னைப் பட்டணத்துக் கடையிலிருந்து விலை விவரம் வரவழைத்தேன். பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் டிமெல்லோ பொங்கல் கழிந்து போத்தனூருக்கு மகளோடு இருக்கப் போகிறேன் என்றார். அவரிடம் மூன்று துப்பாக்கிகள். தான் சுடுகிறதைத் தன்னோடு கொண்டுபோவார். மற்ற இரண்டும் விலைக்கு. இரண்டுமே எங்கள் கைக்கு எட்டுகிற விலைதான்.

இரண்டையும் மேஜையில் வைத்தார். ஒன்று கண்ணைப் பறித்தது. கட்டையெல்லாம் மெருகு, எடுத்தால் பூப்போல லேசு, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு தோட்டாவை உள்ளே தள்ளிவிட்டுப் படபடவென்று சுடலாம். இன்னொன்று உலக்கை. தடித்த குழல், சாயம் போன இரும்பு, கதவுத் தாழ்ப்பாளை இழுக்கிற மாதிரி பின்னால் இழுத்து ஒவ்வொரு தோட்டாவாகப் போட வேண்டும்.

"மேஜையில சுடறதுக்கு லேசு வேணாம், மேன். கனம் வேணும், அப்பத்தான் ஆடாது" என்றார் டிமெல்லோ. "விசையைத் தொட்டுப் பாரு, இழுபறி இல்லாம டக்குனு விழும். ஒவ்வொண்ணா போட்டா என்ன, உனக்கு ரயிலா போகுது? இதை எடு."

மாதப்பன் உலக்கையைத் திருப்பிப் பார்த்தார். அடிக்கட்டையின் இரண்டு பக்கத்திலும் ஒரே மட்டத்தில் மரக்கணு சுழித்திருந்தது. நான் பார்த்தேன், அவர் முகம் சுருங்கிற்று.

"பாடைச் சுழி" என்றார் என் காதோடு.

"மாப்ள, அது மரங்க! மாடா அது?"

"மரமானா என்ன? வூட்டுக்குள்ளதான வரப்போகுது." அழகான துப்பாக்கியை எடுத்துக் கட்டையைத் தடவினார். அதன் மரத்தில் வரிகள் அடுக்கடுக்காக மேலே கூம்பியிருந்தன. "இது கோபுரம். பாத்துக்கங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் துண்டை எடுத்துவிட்டார். டிமெல்லோவுக்குச் சிரிப்பு. ஆனாலும் கையை நீட்டினார். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தவருக்கு விரல் பேச்சு தெரியாதா? துண்டுக்குள் என்ன நடந்ததோ, கை இறுகிற்று.

வீட்டுக்கு வந்ததும் முனியம்மாள் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துச் சூடம் காட்டினாள்.

அதற்கப்புறம் போன ஞாயிறெல்லாம் கேவலம். ஒரு தோட்டா வலக்கோடிக்குப் போகும், அடுத்தது இடக்கோடிக்கு, அதற்கடுத்தது பலகையிலேயே படாது. மூச்சை அடக்கிப் பார்த்தார், மூட்டையை மாற்றிப் பார்த்தார், ஒரு கண்ணை மூடி, அப்புறம் மற்றக் கண்ணை மூடிப் பார்த்தார். ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர். காகிதத்தைப் பார்த்துவிட்டு மழை வருமா என்று பேச்சை மாற்றினார். மாதப்பன் மனசு ஒடிய அதுவே போதுமானதாக இருந்தது.

"கண்ணு போச்சு, மச்சான்" என்றார் வண்டியில். "மொத நாளு ஏதோ குருட்டாம்போக்குல உழுந்துருக்குது. இடுப்போட எல்லாம் போச்சு எனக்கு."

மறுநாள் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். இந்தத் தடவை சோறும் வேண்டாம் என்றார்.

நான் போய் நின்று கத்தினேன். வீட்டுக்குக் கேட்டது, தெருவுக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. முனியம்மாள்தான் கட்டிலோரத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, வாங்கின மாடு ஏருல நிக்கலைன்னு ஒருத்தன் யோசனை கேட்டு வந்தா நீங்க என்ன சொல்லுவீங்க? இன்னொருத்தன் கையில ஏரக் குடுத்துப் பாருடா, மாடு மோசமா நீ மோசமான்னு தெரிஞ்சிரும்னு சொல்லமாட்டீங்க? அதையே செஞ்சு பாத்துடலாம். நானும் வர்றேன்."

பொங்கலுக்கு முந்திய ஞாயிறு மூன்று பேரும் போனோம். டிமெல்லோ வீட்டில் பாதிச் சாமான் மூட்டை கட்டியிருந்தது. அவர் அழகான துப்பாக்கியை வாங்கி மணல் மூட்டையில் வைத்து, நிதானமாக, ஐந்து சுட்டார். நான் ஓடிப்போய்க் காகிதத்தைக் கிழித்துக் கொண்டுவந்தேன். ஆளுக்கொரு திசையில் கிடந்தன ஓட்டைகள்.

டிமெல்லோ துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழலின் வாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்க பாரு. இந்த ஜாதித் துப்பாக்கியைப் பின்னாடியிருந்து துடைக்க முடியாது. முன்னாடியிருந்துதான் கம்பி விடணும். எனக்கு முன்னால வெச்சிருந்தவன் இரும்புக் கம்பியால தேச்சுத் தேச்சு வாயைக் கெடுத்திருக்கான். குண்டு வெளிய வர்றப்பவே கோணிக்கிட்டு வருது. நான் இதுல காக்கா வெரட்டினதோட சரி, குறி பாத்ததில்லை. அந்தத் தடியனை எடுன்னுதானே சொன்னேன், மேன்?" என்று வருத்தமாகச் சொன்னார். "அது இன்னும் இங்கதான் இருக்கு. ஜோலார்பேட்டை ஆளு ஒருத்தன் கேட்டிருக்கான். நீ மாத்திக்கறேன்னா மாத்திக்க. எனக்கு ஒண்ணும் வேணாம்."

கண் கெடவில்லை, கை கெடவில்லை! எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. மாதப்பனைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"கை போட்டாச்சுங்க, தொரை. திருப்பறது வழக்கமில்லை."

எனக்கு வந்ததே கோபம்! "என்ன பெரிய கை? எந்தச் சாமி வந்து பாத்துச்சு உங்க துண்டுக்குள்ள? அவரே மாத்திக் குடுக்கறேங்கறாரு, உங்களுக்கு என்ன கேடு?"

"மச்சான், எத்தனை ஏழை பாழைய நான் திருப்பி அனுப்பியிருக்கறேன், தெரியுமா? வட்டிக்கு வாங்கி மாடு புடிச்சவனையெல்லாம் அனுப்பியிருக்கறேன். இன்னிக்கு எனக்குன்னு வந்தா மட்டும் மாத்திக்கறதா?" குரல் உடைந்துவிட்டது. "அதோட, நான் பாத்து எடுத்தது, மச்சான். நான் பாத்து."

முனியம்மாள் வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். ஆம்பிளைகள் பேசுகிற இடத்தில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"நீங்க அவங்களை அனுப்புனது தப்புன்னா, போய்ச் சொல்லிக்கங்க, நான் கூட வர்றேன். நீங்க எடுத்தது தப்புன்னா தப்புதான். தப்பா எடுத்த தரகரோட நான் குடும்பம் நடத்துவேன். செவுத்தைப் பாத்துப் படுத்துருக்கற பொணத்தோட என்னால முடியாதுங்க. முடியவே முடியாது." அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் குரல் நடுங்கவில்லை.

கூட்ஸ் வண்டி ஒன்று ஸ்டேஷனைத் தாண்டிப் போயிற்று. மாதப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தொரை, நான் எடுத்தது தப்பு" என்றார். "மாத்திக் குடுங்க."

வாய் திறந்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். டிமெல்லோ உடனே உள்ளே போய் உலக்கையைக் கொண்டுவந்து மணல் மூட்டையில் வைத்தார். லைசென்ஸில் நம்பர் மாற்ற நான் அரூர் தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டும், அலைந்துவிட்டுப் போகிறேன்.

மாதப்பன் உட்கார்ந்தார். தாழ்ப்பாளை இழுத்தார், ஒரு தோட்டா போட்டார், மூடினார். கன்னத்தைச் சரியாக அந்தக் கணுச் சுழியின்மேல் வைத்தார். சுட்டுவிட்டு மறுபடி இழுத்தார். அவசரமே இல்லை. ஐந்தாவது முடிந்ததும் எழுந்திருக்காமல் என்னைப் பார்த்தார். நான் போனேன். பலகைக்கு முன்னால் நின்றவன் கொஞ்ச நேரம் காகிதத்தைக் கிழிக்கவே இல்லை. ஒரு காலணாக் காசை வைத்தால் ஐந்து ஓட்டையும் மறைந்துவிடும்.

கொண்டுவந்து மடியில் போட்டேன். ஒவ்வொரு ஓட்டையாகத் தொட்டுப் பார்த்தார். முனியம்மாளிடம் நீட்டினார். அவளுக்கு அதில் என்ன தெரியும்? புருஷன் முகத்தைத்தான் பார்த்தாள்.

திரும்பும் வழியில் எங்களுக்கு எதிரே ஒருவன் புது மாட்டு ஜோடி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். மாதப்பன் படுத்தவாக்கிலேயே தலையைத் தூக்கி, "எடத்து மாடு முன்னங்கால இழுத்து வெக்குது பாருங்க, அவங்கிட்ட எவனோ மறைச்சு வித்துட்டான்" என்றார். பிறகு எழுந்து உட்கார்ந்தார்.

"மச்சான், சந்தையன்னிக்கு எங்க வூட்டுக் கயித்துக் கட்டிலக் கொண்டுபோயி வேப்பமரத்தடியில போடச் சொல்லுங்க."

"எதுக்கு? அங்கயும் படுத்துக்கவா?"

"மாட்ட எம் முன்னால ஓட்டிக் காட்டட்டும், உக்காந்து பாக்கறேன். மாடு நடந்தாப் போதும். நான் எதுக்கு நடக்கணும்?"

அந்தக் கட்டிலைச் சந்தைக்குச் சுமந்துபோனது நான்தான். திட்டிக்கொண்டே சுமந்தேன். தப்பாக வந்த மாட்டை ஓட்டிக்கொண்டு யார் திரும்பி வந்தாலும், விற்றவனைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்திப் பேசித் தீர்த்தார். பிறகு யுத்தம் வந்து மொரப்பூருக்குத் தோட்டா வருவது அடியோடு நின்றது, ஞாயிற்றுக்கிழமைச் சுடுதலும் நின்றது. ஆனாலும் முனியம்மாள் பயந்துகொண்டு என்னிடம் ஓடி வரவில்லை. சந்தைதோறும் கட்டில் வேப்பமரத்தடியில் கிடந்தது, மாதப்பன் அதில் உட்கார்ந்திருந்தார்.