தோளில் பார்த்த எடை

மகள், மகன், இரண்டு பேரும் இதைச் சேர்ந்து வாசியுங்கள். வாயால் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை.

மகள், உனக்கு அப்போது பதினாலு வயது. நானூறு மீட்டரில் மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தாய். கடைசி வளைவில் கால் சோர்ந்துவிடுகிறது, பலம் போதாது என்று உன் பி.டி. டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பாரம் தூக்கலாம் அண்ணே, தப்பில்ல. ஆனா எடை பார்த்துத்தான் கூட்டணும். முதுகு வலின்னு சொன்னா அன்னைக்கே நிப்பாட்டிருங்க."

"டீச்சர், தம்புள்ளை சந்தையில இருபது வருஷமா மூட்டை தூக்குற நாட்டாமி நான். மூட்டைய தோள்ல வச்சாலே கிலோ சொல்லிருவேன்" என்று சிரித்தேன்.

உரச்சாக்கில் மணல் நிரப்பி, தோளில் மாட்ட வார் தைத்தேன். அதைச் சுமந்து நம் வீட்டுப் படிகளில் நீ ஏறி இறங்கினாய். வாரம் ஒரு தேங்காய்ச் சிரட்டை மணல் கூடப் போட்டேன். மகன், நீ மேல்படியில் உட்கார்ந்து, "உருளைக்கிழங்கு லொறி வருது, வழி விடுங்க!" என்று கத்துவாய். அக்கா கல் எடுத்து எறிவாள்.

போகப்போக அவள் கல் எறிவதை விட்டுவிட்டாள்.

"அப்பா, இன்னைக்குக் கூடப் போட்டீங்களா? இடுப்புக்கிட்ட குத்துது."

நான் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். "பதினஞ்சுதான் புள்ள இருக்கும். ஏறு."

மகள், நீ ஏறினாய்.

எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டொக்டர் கீழ் முதுகெலும்பில் வெடிப்பு என்றார். இந்த வருடம் ஓட்டம் இல்லை, அதற்குப் பிறகும் உறுதி சொல்ல முடியாது. எவ்வளவு தூக்கினாள் என்று சிங்களத்தில் கேட்டார். பதினைந்து கிலோ என்றேன். அதற்கு இப்படி ஆகுமா என்பது போல என்னைப் பார்த்தார்.

பஸ்ஸில் வரும்போது நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "என் உடம்புதான்பா பலமில்லாத உடம்பு" என்றாய். இன்று வரைக்கும் நீ அதையே சொல்கிறாய். அது பொய், மகள்.

மறுநாள் சாக்கை என்னோடு சந்தைக்குக் கொண்டுபோனேன். பகல் சாப்பாட்டுக்கு எல்லாரும் போன பிறகு தராசில் வைத்தேன். இருபத்தேழு கிலோ. இறக்கி, மறுபடியும் வைத்தேன். இருபத்தேழுதான்.

அதைத் தூக்கி என் தோளில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்போதும் எனக்குப் பதினைந்து போலத்தான் இருந்தது.